மலைநாட்டில் வீட்டிலேயே கோழித்தீன் கலப்பது: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

லேயர் மேஷ், அதாவது முட்டையிடும் கோழிக்குக் கடையில் விற்கிற கலவைத்தீன், விலை ஏறினால் முதலில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: பாதி மேஷ், பாதி தவிடு. கோழிக்கு வயிறு நிறையும், மூட்டையும் இரண்டு மடங்கு நாள் ஓடும், செலவு குறைந்துவிட்டது என்று தோன்றும். கொஞ்ச நாள் போனதும் முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும், ஓடு கை பட்டாலே நொறுங்கும், கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு முட்டைக்கு எவ்வளவு தீன் செலவு விழுந்தது என்று கணக்குப் பார்த்தால் முன்பைவிடக் கூடத்தான் இருக்கும்.

ஆகவே தீன் கலக்க இறங்குவதற்கு முன் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டியது மாவுச்சத்தில். புரதத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் கை வைக்கக் கூடாது. நம்முடைய மலைப்பக்கத்தில் இதோடு இன்னொன்றும் சேரும், அதுதான் ஈரம். கலவைக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பனியும் தூறலும் பட்டுப் பூசணம் பிடித்த தீன் கோழியைக் கொன்றுவிடும்.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் தீன் கிடைக்காமல் எத்தனையோ பேர் கோழிகளை விற்றுத் தீர்த்தார்கள், அடுத்த வருடம் அரசாங்கமே இந்தியாவிலிருந்து முட்டை கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கோடிப்பக்கம் பத்துக் கோழி வைத்திருக்கிற வீட்டுக்கு அது இன்னொரு முறை வரக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

கோழிக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்குவோம். முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை மாதிரிக் குளிர் இடங்களில் உடம்புச் சூட்டுக்கே ஒரு பங்கு போய்விடுவதால் இதைவிடக் கொஞ்சம் கூடும். அந்தத் தீனில் 16 சதவீதத்தை ஒட்டிப் புரதம் இருக்க வேண்டும், கல்சியம் மூன்றரை சதவீதம் அளவில் இருக்க வேண்டும். ஒரு முட்டையின் ஓட்டில் மட்டும் 2 கிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, தின்பதில் ஏறக்குறைய பாதியைத்தான் கோழியின் உடம்பு எடுத்துக்கொள்ளும், அப்படியென்றால் நாளுக்கு 4 கிராம் உள்ளே போக வேண்டும். தீனில் அது இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு போடும். கால் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிற கோழிகளில் பலவற்றுக்கு நடப்பது இதுதான்.

இப்போது சாமான்கள். சோளத்தில், அதாவது மக்காச்சோளத்தில், 8 முதல் 9 சதவீதம் புரதம், நல்ல தவிட்டில் 12 அளவில், தேங்காய்ப் புண்ணாக்கில் 20, சோயா புண்ணாக்கில் 45க்குக் குறையாமல், நல்ல கருவாட்டுத்தூளில் 50க்கு மேல். கடையில் கிலோ விலையை மட்டும் பார்த்தால் தவிடு மலிவு, சோயா யானை விலை. ஆனால் தவிட்டின் விலையை 12 ஆலும் சோயாவின் விலையை 45 ஆலும் வகுத்துப் பாருங்கள், புரதத்துக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கிற விலை அப்போதுதான் தெரியும். பல நேரம் சோயாதான் மலிவாக நிற்கும். கடைக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், விலை மாதாமாதம் மாறுகிறது.

10 கிலோ லேயர் தீனுக்கு நான் சொல்லும் அளவு இது: உடைத்த சோளம் நாலரை கிலோ, தவிடு 2 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ, சோயா புண்ணாக்கு 1 கிலோ 200 கிராம், கருவாட்டுத்தூள் 400 கிராம், சிப்பித்தூள் அல்லது முட்டை ஓடு 900 கிராம். இதற்கு மேல் விற்றமின், கனிமக் கலவை, அதாவது பிரீமிக்ஸ், பக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு. கூட்டிப் பார்த்தால் புரதம் 16 சதவீதத்துக்குக் கிட்ட வரும், கல்சியம் மூன்றரைக்குச் சற்று மேலே நிற்கும். பத்துக் கோழிக்கு இது எட்டு நாள் போகும், அதற்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஒவ்வொன்றையும் வாங்கும்போது கவனிக்க வேண்டியது இருக்கிறது.

சோளம். மொனராகலை, அம்பாறை, அநுராதபுரம், பதுளையின் தாழ்ந்த பக்கம் என்று பெரும்போகச் சோளம் அறுவடையாகி வருவது பெப்ரவரி, மார்ச் மாதங்களில். அந்த நேரத்தில் விலை இறங்கும், அப்போது நாலைந்து வீடு சேர்ந்து மூட்டையாக எடுப்பது நல்லது, சீட்டுப் பிடிப்பதுபோல ஒருவர் பொறுப்பெடுத்துக் காசு சேர்த்தால் போதும். முழுச் சோளமாகவே வாங்குங்கள். உடைத்த சோளம் காற்றிலிருக்கிற ஈரத்தை வேகமாக இழுக்கும், முழுச் சோளம் தாங்கும், தேவைப்படுகிறபோது மில்லில் கொடுத்து நொய்யாக உடைத்துக்கொள்ளலாம். மாவாக அரைக்கச் சொல்லாதீர்கள், கோழி மாவை விரும்பித் தின்னாது, பாதி மண்ணில்தான் போகும். சோளம் வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து மணியின் முனையைப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தால், புழுங்கின வாடை வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பூசணம் விடுகிற நஞ்சுக்கு அஃப்லடொக்சின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும், அவித்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

தவிடு. அரிசி மில்லிலிருந்து வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் முதல் கேள்வி. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, பச்சையரிசித் தவிடு கொஞ்ச நாளிலேயே காறிப்போகும், நாக்கில் வைத்தால் கசக்கும். புழுங்கல் அரிசித் தவிடு வெந்து வந்ததால் கூடுதல் நாள் தாங்கும், நம் பக்கத்துக்கு அதுதான் ஏற்றது. உமி கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள், உமி மேலே மிதக்கும். மேலே தடிப்பாக மிதந்தால் நீங்கள் காசு கொடுப்பது உமிக்கு.

தேங்காய்ப் புண்ணாக்கு நல்ல பொருள்தான், ஆனால் நார் கூடியது, அதன் புரதமும் முட்டைக்கு வேண்டிய எல்லாவற்றையும் தராது. 10 கிலோவில் ஒன்று, கூடினால் ஒன்றரை, அதோடு நிறுத்துங்கள். இதுவும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.

சோயா புண்ணாக்கு கிடைக்காவிட்டால் முழுச் சோயா ஒன்றரை கிலோ போட்டு, சோளத்தில் 300 கிராம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் சோயாவைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கிற ஒரு பொருள் கோழி புரதத்தைச் செரிக்கவிடாது. அரை மணி நேரம் நன்றாக அவித்துக் காயவைக்க வேண்டும், அல்லது உள்ளே வரை சூடேறும்படி பொன்னிறமாக வறுத்து உடைக்க வேண்டும். காய்ந்த போஞ்சி விதைக்கும் இதே சட்டம், இன்னும் கண்டிப்பாக, ஏனென்றால் பச்சைப் போஞ்சி விதை நேரடியாகவே நஞ்சு. கௌப்பி, பயறு மலிவாகக் கிடைத்தால் அவற்றையும் அவித்துச் சேர்க்கலாம், புரதம் சோயாவில் பாதியளவு.

கருவாட்டுக்குக் கடையில் அடியில் தங்கும் உடைசல், வீட்டில் கிள்ளிப் போடுகிற நெத்தலித் தலை, இவை போதும். பிரச்சினை உப்புத்தான். தீனில் மொத்தமாக அரை சதவீதத்துக்கு மேல் உப்புப் போகக் கூடாது, கூடினால் கோழி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கழியும், நிறையப் போனால் சாகும். உப்புக் கருவாட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காயவைத்து இடியுங்கள், பிறகு தீனுக்குத் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். உப்பில்லாத மீன்தூள் என்றால் 10 கிலோவுக்கு 25 கிராம் உப்புப் போடுங்கள். மீனை 400 கிராமுக்கு மேல் கூட்டினால் முட்டையில் வாடை வரலாம், வீட்டில் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு வருவோம், இங்கேதான் தோட்டப்புறத்தில் நடக்கிற ஒரு தவறைச் சொல்ல வேண்டும். தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட்டும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, அதையே கோழிக்கும் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். போடாதீர்கள். அதில் மக்னீசியம் அதிகம், கோழிக்கு வயிறு கழியும், ஓடும் தேறாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் கூடாது, அது வாயையும் குடலையும் சுடும். தீன் கடையில் விற்கிற சிப்பித்தூள், இல்லாவிட்டால் முட்டை ஓடு, இவைதான் சரி. டவுனில் பேக்கரி, சாப்பாட்டுக் கடைகளில் சொல்லிவைத்தால் ஓடு சும்மாவே தருவார்கள். கழுவி, நல்ல சூட்டில் இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் நொறுக்குங்கள். மாவாக்க வேண்டாம், அரிசிக் குருணை அளவில் இருக்கட்டும். கோழி ஓடு கட்டுவது இரவில், பெரிய துண்டு வயிற்றில் மெதுவாகக் கரைந்து அந்த நேரத்துக்கு உதவும். கலவையில் போட்டது போக ஒரு சிரட்டையில் தனியாகவும் வையுங்கள், தேவைப்பட்ட கோழி தானே போய் எடுக்கும்.

சரி, மிச்சம் எங்கே பிடிப்பது என்று கேட்பீர்கள். சோளத்தின் இடத்தில்தான். நாலரை கிலோ சோளத்தில் ஒன்று அல்லது ஒன்றரை கிலோவை வேறு பொருளால் மாற்றலாம், வீட்டில், தோட்டத்தில், சந்தையில் விழுகிற பொருளால். நுவரெலியா, வெலிமடை பக்கம் விலைபோகாத பொடி உருளைக்கிழங்கு கிடைக்கும். பச்சை படிந்ததையும் முளை விட்டதையும் தள்ளிவிட்டு, அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மசித்துக் கொடுங்கள். கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே ஒரு கிலோ சோளத்தின் இடத்துக்கு நாலு கிலோ கிழங்கு வேண்டும். ஈரமானதை 10 கிலோ கலவைக்குள் போட்டால் எல்லாம் புளித்துக் கெடும், அன்றன்றைக்குத் தனியாகக் கொடுங்கள். மரவள்ளியைத் தோல் சீவி, சீவல் போட்டு, முறுகக் காயவைத்தால் சோளத்துக்கு மாற்றாகும், ஆனால் அதில் புரதம் இரண்டு மூன்று சதவீதம்தான், ஒரு கிலோ மரவள்ளி சேர்த்தால் சோயாவை 150 கிராம் கூட்ட வேண்டும். இதை மறந்துவிட்டால் பழைய பாதி மேஷ் கதைதான். கண்டி, மாத்தளை, பதுளை பக்கம் பலாக்கொட்டை காலத்தில் கொட்டிக் கிடக்கும், அவித்து நறுக்கிக் காயவைக்கலாம். அரிசிக் குருணை மலிவாகக் கிடைக்கிற மாதத்தில் சோளத்தில் பாதியை அதால் மாற்றினாலும் ஒன்றும் குறையாது, மஞ்சள் கரு மட்டும் வெளுக்கும், அதற்குக் கீரை இருக்கிறது.

கீரை என்றால் கோவா இலை, கரட் தழை, பொன்னாங்காணி, வீட்டுத் தோட்டத்து எந்தக் கீரையும். இது புரதத்துக்காக இல்லை, விற்றமினுக்கும் மஞ்சள் கருவின் நிறத்துக்கும். கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தைப் போன்ற இடங்களில் கழித்துப் போடுகிற இலையை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பயம். மரக்கறித் தோட்டங்களில் மருந்து அடிப்பது எல்லாருக்கும் தெரியும், வெளியிலைதான் அதை முழுக்க வாங்குகிறது. அடித்த நாள் தெரியாத இலையைக் கொடுக்காதீர்கள், அந்த முட்டையைத் தின்பது உங்கள் பிள்ளை. களைகொல்லி அடித்த மலையிலும் கோழியை மேயவிடக் கூடாது.

கிளிரிசிடியா, இப்பில் இப்பில் மர இலைகளில் புரதம் இருக்கிறது என்பது உண்மை. மாட்டுக்கு அது சரி. கோழிக்கு நிழலில் காயவைத்துப் பொடித்து 10 கிலோவில் 300 கிராம் போதும், அதற்கு மேல் போனால் அதிலிருக்கிற நச்சுப்பொருள்கள் வளர்ச்சியையும் முட்டையையும் பாதிக்கும். தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலாச் செடியை வளர்க்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். கண்டிக்கும் அதற்குக் கீழேயும் அது நன்றாக வரும், நுவரெலியாக் குளிரில் மிக மெதுவாகத்தான் பெருகும், அதுவும் பெரும்பகுதி தண்ணீர். அதை நம்பிச் சோயாவைக் குறைக்காதீர்கள்.

கொடுக்கவே கூடாதவை: ஆனைக்கொய்யா, அதாவது பட்டர் புருட், பழமும் வேண்டாம், தோல், கொட்டை, இலை எதுவும் வேண்டாம், பறவைக்கு அது இதயத்தைத் தாக்குகிற நஞ்சு. நம் பக்கத்தில் மரத்தடியில் விழுந்து கிடக்கும், கோழி போகிற இடமென்றால் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். தேயிலைச் சக்கை, பூசணம் பிடித்த பாண், உப்புப் போட்ட கறி மிச்சம், தக்காளிச் செடி இலை, உருளைச் செடி இலை, இவையும் வேண்டாம்.

இனி ஈரம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை மழையும் பனியும் ஓயாது, அந்தப் பக்கத்தவர்களுக்குக் காயவைக்கிற காலம் சனவரியிலிருந்து மார்ச் வரை. ஊவாப் பக்கம் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில் இதற்கு நேர்மாறு, யூன், யூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும், மரவள்ளிச் சீவல் இரண்டு மூன்று நாளில் ஒடியும். உங்கள் பக்கத்தின் வெயில் எந்த மாதமோ அந்த மாதத்தில் காயவைத்து எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் ஒன்று கட்டினால், மிலாறு, அதாவது கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, எரிகிற சூட்டிலேயே கருவாடும் ஓடும் காய்ந்துவிடும். காய்ந்ததா என்று பார்க்கச் சோளமணியைப் பல்லில் கடியுங்கள், டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் காயவில்லை.

சேமிக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பரல் நல்லது, சூடு ஆறின பிறகுதான் மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். சாக்காக வைப்பதென்றால் நிலத்திலும் சுவரிலும் படாமல் பலகை மேல் வையுங்கள், காம்பராச் சுவர் ஈரம் கசியும். உரச்சாக்கும் மருந்துக் கேனும் எவ்வளவு கழுவினாலும் தீனுக்கு ஆகாது. எலியை அண்டவிடாதீர்கள், தீனும் போகும், எலிக்காய்ச்சலும் வரும். கலந்த தீனை எட்டுப் பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். தவிட்டு எண்ணெயும் மீனெண்ணெயும் காற்றுப் பட்டதும் காறத் தொடங்கும், பிரீமிக்ஸில் இருக்கிற விற்றமினும் நாளாக நாளாகக் குறையும்.

கலக்கும் முறையும் முக்கியம். 25 கிராம் பிரீமிக்ஸை 10 கிலோவுக்குள் நேரே தூவினால் ஒரு கோழிக்கு எல்லாம் கிடைக்கும், இன்னொன்றுக்கு ஒன்றுமே கிடைக்காது. முதலில் பிரீமிக்ஸ், உப்பு இரண்டையும் ஒரு கிண்ணம் தவிட்டில் கலந்து, அதை மிச்சத் தவிட்டோடு கலந்து, அப்புறம் கருவாடு, சோயா, புண்ணாக்கு, கடைசியில் சோளமும் ஓடும். தார்ப்பாயில் கொட்டி நாலு மூலையையும் மாற்றி மாற்றித் தூக்கிப் புரட்டினால் நன்றாகக் கலக்கும். குளிர் கூடிய நாட்களில் பொழுது சாயும்போது கோழிகளுக்குக் கொஞ்சம் முழுச் சோளம் கொடுங்கள், இரவு முழுக்கச் செரிக்கும், உடம்பு சூடாக இருக்கும். முழுச் சோளம் தின்கிற கோழிக்குப் பருமணலும் வேண்டும், இல்லாவிட்டால் இரைப்பையில் அரைபடாது. தீன் எவ்வளவு தின்னுகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், நுவரெலியா விடியற்காலையில் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தால் குடிக்காது, தின்னவும் தின்னாது, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொடுங்கள்.

இது முட்டையிடும் கோழிக்கான தீன். வளரும் கோழிக்கு, அதாவது இரண்டு மாதத்திலிருந்து முதல் முட்டைக்குக் கிட்ட வரை, இவ்வளவு ஓட்டுத்தூள் போட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். அவற்றுக்கு 10 கிலோவில் ஓடு 100 கிராம் மட்டும், சோளம் நாலரை, தவிடு 3, தேங்காய்ப் புண்ணாக்கு 1 கிலோ 200 கிராம், சோயா புண்ணாக்கு 900 கிராம், கருவாடு 300 கிராம். குஞ்சுகளுக்கு நான் வீட்டில் கலக்கச் சொல்லமாட்டேன். முதல் எட்டு வாரத்தில் 20 சதவீதம் புரதம் தேவை, அதில் ஒரு குறை வந்தால் அந்தக் கோழி பிறகு தேறாது, தின்பதும் கொஞ்சம்தான், அதற்கு மட்டும் கடையில் ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுத்தீன், வாங்கிக் கொடுங்கள்.

மேஷிலிருந்து இதற்கு ஒரேயடியாக மாற்ற வேண்டாம். முதல் இரண்டு நாள் கால்வாசி, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால்வாசி என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். சுவரில் ஒரு கலண்டர் தொங்கவிட்டு அன்றன்றைக்கு எத்தனை முட்டை என்று எழுதி வையுங்கள். ஓடு மெலிந்தால் சிப்பித்தூளைப் பாருங்கள், முட்டை சிறுத்தால் அல்லது இறகு பிடுங்கினால் புரதத்தைப் பாருங்கள், கோழி மொத்தமாகத் தின்னாமல் நின்றால் தீனை முகர்ந்து பாருங்கள். புழுங்கின வாடை வந்தால் அந்தப் பரலில் உள்ள தீனை அப்படியே குழியில் கொட்டி மூடிவிட்டு, பரலைக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். தீன் நன்றாக இருந்தும் கோழி தலை தொங்கி நின்றால், பச்சையாகக் கழிந்தால், அது தீன் விஷயம் இல்லை, அன்றைக்கே பக்கத்து மிருக வைத்திய அலுவலகத்தில் சொல்லுங்கள்.